கைப்பிடி இல்லாத எடை

அன்செல்மோ விழுந்தது செப்டம்பரில் ஒரு மாலை,
குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே,
நீலக் கம்பளத்தின் மேல்.
எலும்பு முறியவில்லை. வலிகூட இல்லை.
அவனால் எழ முடியவில்லை, அவ்வளவுதான்.
என்னால் தூக்கவும் முடியவில்லை.

அக்குளில் கை கொடுத்து இழுத்தேன், சட்டை மட்டும் மேலே வந்தது.
இடுப்பைக் கட்டி இழுத்தேன், கம்பளம் வந்தது.
ஆம்புலன்ஸ் வர ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.
நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.
அடுப்பிலிருந்த சூப்பை இறக்கி வந்து
ஒரே கிண்ணத்தில் இருவரும் குடித்தோம்.
"கூடாரம் போட்ட மாதிரி இருக்கிறது," என்றான்.
சிரித்தேன். பிறகு கிண்ணம் கழுவும் சாக்கில் போய் அழுதேன்.

அறுபத்தெட்டு கிலோ அவன்.
நாற்பத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்தும்
அந்த எண் எனக்குத் தெரியாது.
ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் படித்தேன்.

பூந்தா அரேனாஸ் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய கம்பளிக் கிடங்கில் ஜிம் நடத்துகிறாள் யாஸ்னா.
அக்டோபர் காற்று ஆளைத் தூக்கும் நாள் அது.
தெருமுனையில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துப் பிடித்துப் போனேன்.
"முதுகு வலியா, இடுப்பு குறையணுமா?" என்று கேட்டாள்.
"அறுபத்தெட்டு கிலோ. தரையிலிருந்து தூக்கணும்."
அவள் சிரிக்கவில்லை.
அதனால்தான் மறுநாளும் போனேன்.

எனக்கு எழுபத்து மூன்று.
சுங்க அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம்
நான் தூக்கியதில் கனமானது முத்திரைக் கட்டை.
தொடைச் சதையை யாரும் களவாடவில்லை.
நானே உட்கார்ந்து உட்கார்ந்து
நாற்காலிக்கு எழுதிவைத்துவிட்டேன்.

முதலில் வெறும் துடைப்பக் கட்டை.
பிறகு பத்து கிலோ. பதினைந்து.
பதினைந்திலேயே ஆறு வாரம்.
முட்டை தின்னச் சொன்னாள், தின்றேன்.
பருப்பு, மீன், ஆட்டுக்கறி.
ஒருநாள் சுவரைத் தொடாமல் மாடிக்குப் போயிருக்கிறேன்,
போன பிறகுதான் உறைத்தது.
யாரிடம் சொல்ல?
இறங்கி வந்து இன்னொரு முறை ஏறினேன்.

மார்ச்சில் முப்பது. மே மாதம் நாற்பத்திரண்டு.

அதே ஏட்டில் இடது பக்கம் அன்செல்மோ இருந்தான்:
அறுபத்தாறு. அறுபத்து மூன்று. அறுபது.
நான் ஏற ஏற அவன் இறங்கிக்கொண்டிருந்தான்,
ஒரே தராசின் இரண்டு தட்டு.
"எங்காவது நடுவில் சந்திப்போம்," என்றான்.
எனக்கு அந்தச் சந்திப்பு பிடிக்கவில்லை.
அவனுக்கும் முட்டை அவித்தேன்.
நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழ வைத்தேன்,
ஒவ்வொரு முறைக்கும் ஒரு வசவு வாங்கிக்கொண்டு.
ஐம்பத்தெட்டில் நின்றது.

ஆகஸ்டில் நான் ஐம்பத்தெட்டைத் தூக்கினேன்.
பக்கத்து மேடையில் இருந்த நண்டுப் படகுப் பையன்கள்
எடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.
வியர்வை காயாமல் வீட்டுக்கு வந்து
"தரையில் படு," என்றேன்.
படுத்தான்.
முடியவில்லை.

கம்பிக்குப் பிடி உண்டு. மனுஷனுக்கு ஏது?
தோள் வழுக்கியது. இடுப்பு நழுவியது.
எங்கிருந்தோ ஒரு முழங்கை வந்து என் மூக்கில் இடித்தது.

அப்போது, கூரையைப் பார்த்தபடி,
பண்ணை பண்ணையாய் நாற்பது வருஷம்
செம்மறிகளுக்குக் கம்பளி கத்தரித்தவன் பேசினான்:
"எடெல்மிரா, ஆட்டை யாரும் தூக்குவதில்லை.
தலையைத் திருப்பு. தலை போன பக்கம் உடம்பு வரும்.
முழங்காலை என் விலாவுக்குப் பின்னால் கொடு.
இழுக்காதே. சாய்."

சாய்ந்தேன்.
அவன் எழுந்து உட்கார்ந்தான், முதுகு என் தொடையில்.
தொடை நடுங்கியது. ஆனால் தாங்கியது.
"காலை ஊன்று," என்றேன், "நீயும் கொஞ்சம் உழை."
ஒன்று, இரண்டு...
மூன்று சொல்லும் முன் நின்றிருந்தோம்,
மூச்சு வாங்க, ஒருவரையொருவர் விடாமல்.

"மே..." என்றான் என் காதில்.

சிரித்து முடித்ததும்
மறுபடி படுக்கச் சொன்னேன்.
ஒரு தடவை தூக்கியதெல்லாம் கணக்கில் வராது,
யாஸ்னா சொல்வாள்.
மூன்று செட்.